பழைய புரோகிராம், புது லேப்டாப்: கீபோர்டைக் கைக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடை. அங்கே கணக்கு பார்க்கும் அண்ணனுக்கு வயது 58. விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் எழுதிய பில்லிங் புரோகிராமில்தான் இருபத்தைந்து வருடமாகப் பில் போடுகிறார். பழைய டெஸ்க்டாப் ஒருநாள் படுத்துவிட்டது. முதலாளி 14 அங்குல லேப்டாப் ஒன்றை வாங்கிவந்தார். பழைய டாஸ் புரோகிராம்களைப் புது விண்டோஸில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, புரோகிராமையும் டேட்டாவையும் ஏற்றிக்கொடுத்தது நான். எல்லாம் ஓடியது.

அண்ணன் முதல் பில்லைப் போட உட்கார்ந்தார். கண் ஆர்டர் சீட்டிலேயே இருந்தது. இரண்டு உருப்படி அடித்தார். மூன்றாவதற்குப் புது வரி வேண்டும், அந்தப் புரோகிராமில் அதற்கு இன்சர்ட் கீ. வலது கை எண் வரிசையை விட்டு எழுந்து மேல் மூலைக்குப் போய் அங்கே இருந்த கீயை அழுத்தியது. திரை கறுத்துப்போனது. அந்த மூலையில் இருந்தது பவர் பட்டன்.

"தம்பி, இன்சர்ட் எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, ஏதோ தான்தான் தப்பு செய்துவிட்டது போன்ற தயக்கம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு அவர் மேல் இல்லை. ஒரு நாளைக்கு நூறு பில் போடும் கை அது. அந்தக் கையைப் புதிதாகப் பழகச் சொல்வதைவிட, கீபோர்டை அந்தக் கைக்கு ஏற்றபடி திருப்பிவிடுவது சுலபம். அரை நாள் வேலை, செலவும் பெரிதாக இல்லை. அதை எப்படிச் செய்வது என்று இதுவரை கீபோர்டு அமைப்பில் கைவைத்தே இராதவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

கீகள் ஏன் காணாமல் போயின

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் 83 கீகள். எஃப்1 முதல் எஃப்10 வரை இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக நின்றன. கண்ட்ரோல் கீ, இன்று கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில், அதாவது ஏ எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1980களின் நடுவில் 101 கீ உள்ள கீபோர்டு வந்தது. எஃப் கீகள் பன்னிரண்டாகி மேலே போயின. இன்சர்ட், டெலீட், ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் ஆறும் தனிக் கட்டமாயின. வலது ஓரத்தில் நம்பர் பேட். கண்ட்ரோல் கீழ் மூலைக்கு இறங்கியது.

நம் ஊர்க் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் இன்றும் ஓடும் பழைய புரோகிராம்களில் பெரும்பாலானவை இந்த 101 கீ கீபோர்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் மவுஸுக்கு வேலையே இல்லை. எல்லாம் கீதான். லேப்டாப் செய்பவர்களோ இடம் போதாமல் அந்த ஆறு கீ கட்டத்தையும் நம்பர் பேடையும் எடுத்துவிட்டார்கள். எஃப் கீகளின் மேல் ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலைகளை ஏற்றிவிட்டார்கள். ஸ்க்ரோல் லாக், பாஸ்-பிரேக் இரண்டும் பல லேப்டாப்களில் கண்ணுக்கே தெரியாது.

முதலில் பேப்பரும் பேனாவும்

எந்த சாஃப்ட்வேரையும் இறக்கும் முன், அந்தப் புரோகிராமில் வேலை செய்பவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். அவர் எந்தெந்தக் கீயை அழுத்துகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் வராது, ஏனென்றால் அவருக்கே தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். அண்ணனிடம் கேட்டபோது "எல்லாக் கீயும்தான் தம்பி" என்றார். உட்கார்ந்து பார்த்தால், லேப்டாப்பில் சிக்கலானவை மொத்தம் ஐந்தே: இன்சர்ட், பேஜ் டவுன், எஃப்2, எஃப்9, நம்பர் பேடின் என்டர்.

புரோகிராமுக்குப் புரோகிராம் பட்டியல் மாறும். டேலி ஈஆர்பி 9 என்றால் எஃப்4 காண்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று மேல் வரிசை முழுவதும் வேண்டும். வேர்ட்ஸ்டார் என்ற பழைய கடிதம் அடிக்கும் சாஃப்ட்வேரில் பழகியவருக்கு கண்ட்ரோல்தான் உயிர். கர்சரை நகர்த்துவதே கண்ட்ரோலுடன் ஈ, எஸ், டி, எக்ஸ் என்ற வைர வடிவம்தான், அது ஏ எழுத்துக்குப் பக்கத்தில் கண்ட்ரோல் இருந்த காலத்துப் பழக்கம். எக்செலுக்கு முந்திய லோட்டஸ் 1-2-3இல், தானாக ஓடும் கட்டளைத் தொடரான மேக்ரோவை நிறுத்த கண்ட்ரோல்+பிரேக் தேவை. வேர்ட்ஸ்டார் போன்ற இன்னொரு சாஃப்ட்வேரான வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1இல் நம்பர் பேடின் கூட்டல், கழித்தல் கீகள் திரையை மேலும் கீழும் நகர்த்தும்.

பட்டியலில் இல்லாத கீயைத் தொடாதீர்கள். "சும்மா இருக்கட்டும்" என்று மாற்றி வைக்கும் ஒவ்வொரு கீயும் பின்னால் யாரோ ஒருவரைக் குழப்பும்.

பூட்டைத் திறந்தாலே பாதி வேலை முடிந்தது

எஃப் கீ அழுத்தினால் ஒலி கூடுகிறது, திரை மங்குகிறது என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் குறை. இதற்கு எந்தக் கீயையும் மாற்ற வேண்டியதே இல்லை. கீழ் வரிசையில் எஃப்என் என்று ஒரு கீ இருக்கும். அதையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எஸ்கேப் கீயின் மேல் சிறிய பூட்டுப் படம் இருந்தால் இது நிச்சயம் வேலை செய்யும். அதன்பின் எஃப்5 அழுத்தினால் எஃப்5தான் போகும். ஒலியைக் கூட்டத்தான் எஃப்என் சேர்க்க வேண்டியிருக்கும்.

பூட்டுப் படம் இல்லை, அல்லது ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் பழையபடி ஆகிவிடுகிறது என்றால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போக வேண்டும். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எச்பியில் எஃப்10, டெல், ஏசர், ஏசுஸ் ஆகியவற்றில் எஃப்2, லெனோவாவில் எஃப்1 அல்லது எஃப்2 விட்டு விட்டு அழுத்துங்கள். உள்ளே எச்பியில் 'ஆக்ஷன் கீஸ் மோட்' என்று இருக்கும், அதை டிசேபிள் செய்யுங்கள். லெனோவாவின் பல மாடல்களில் 'ஹாட்கீ மோட்', அதையும் அப்படியே. டெல்லில் 'ஃபங்ஷன் கீ பிஹேவியர்', அதில் ஃபங்ஷன் கீ என்பதைத் தேர்வு செய்யுங்கள். சேவ் செய்து வெளியே வாருங்கள். பயாஸில் வேறு எதையும் தொட வேண்டாம்.

லெனோவாவின் திங்க்பேட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. அதன் பல மாடல்களில் இடது கீழ் மூலையில் எஃப்என், அதற்கு அடுத்துத்தான் கண்ட்ரோல். ஃபாக்ஸ்புரோவில் சேவ் செய்து வெளியேற கண்ட்ரோல்+டபிள்யூ அழுத்தப் போனால், விரல் எஃப்என் மேல் விழுந்து, டபிள்யூ என்ற எழுத்து மட்டும் வாடிக்கையாளர் பெயரில் ஒட்டிக்கொள்ளும். பயாஸில் எஃப்என்னையும் கண்ட்ரோலையும் இடம் மாற்றும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

எஃப்என் கீயைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற கீகளை அழுத்தினால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் விண்டோஸுக்குப் போகும். அதற்கு ஸ்கேன் கோடு என்று பெயர். எஃப்என் பொதுவாக அப்படி எதையும் அனுப்பாது. அதன் வேலை லேப்டாப்புக்குள் இருக்கும் கீபோர்டு சிப்போடு முடிந்துவிடும். அதனால் விண்டோஸில் போடும் எந்த சாஃப்ட்வேராலும் எஃப்என்னை வேறு கீயாக மாற்ற முடியாது. இதைத் தெரியாமல் நான் ஒரு முழு மாலை வீணாக்கியிருக்கிறேன்.

அந்த எஃப்என்னே மறைந்த கீகளை வைத்திருப்பதும் உண்டு. திங்க்பேடில் எஃப்என்னோடு ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான பி (B) அழுத்தினால் பிரேக், எஃப்என்+கே ஸ்க்ரோல் லாக், எஃப்என்னோடு பதினாறாம் எழுத்தான பி (P) அழுத்தினால் பாஸ். எச்பியின் அலுவலக மாடல்கள் சிலவற்றில் எஃப்என்+ஆர் பிரேக், எஃப்என்+சி ஸ்க்ரோல் லாக். எப்போதோ ஒருமுறை தேவைப்படும் கீ என்றால் இதுவே போதும், மாற்ற வேண்டாம்.

ஷார்ப்கீஸ்: ஒரு கீக்குப் பதில் ஒரு கீ

இல்லாத இன்சர்ட்டைக் கொண்டுவர எனக்கு மிகவும் பிடித்த வழி ஷார்ப்கீஸ் என்ற சின்ன சாஃப்ட்வேர். இலவசம், மூலநிரல் திறந்தது. அது தானாக எதையும் செய்வதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'இந்த எண் வந்தால் அதற்குப் பதில் அந்த எண் என்று எடுத்துக்கொள்' என்று எழுதிவைக்க ஓர் இடம் விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. ஷார்ப்கீஸ் அங்கே நமக்காக எழுதித்தருகிறது, அவ்வளவுதான். எழுதியபின் ஷார்ப்கீஸை நீக்கிவிட்டாலும் மாற்றம் நிற்கும். பின்னணியில் எதுவும் ஓடாது, எந்தப் புரோகிராமுக்கும் வித்தியாசம் தெரியாது. இன்சர்ட் கீயே அழுத்தப்பட்டதாகத்தான் அது நினைக்கும்.

எந்தக் கீயைப் பலிகொடுப்பது? அண்ணன் வலது ஆல்ட்டை ஒருநாளும் தொட்டதில்லை. அதனால் வலது ஆல்ட்டை இன்சர்ட் ஆக்கினோம். செய்முறை இது:

1. ஷார்ப்கீஸைத் திறந்து 'ஆட்' பட்டனை அழுத்துங்கள். இடதும் வலதுமாக இரண்டு பட்டியல்கள் வரும்.
2. இடது பட்டியலுக்குக் கீழே 'டைப் கீ' என்று இருக்கும். அதை அழுத்திவிட்டு, மாற்ற வேண்டிய கீயை, நம் கதையில் வலது ஆல்ட்டை, கீபோர்டில் தட்டுங்கள். அதன் பெயர் திரையில் தெரியும். எதுவும் தெரியாவிட்டால் அந்தக் கீ விண்டோஸுக்கு எண் அனுப்பவில்லை என்று பொருள். வேறு கீயைப் பாருங்கள்.
3. வலது பட்டியலில் இன்சர்ட்டைத் தேடித் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் அந்தக் கீ இல்லாததால் தட்டிக் காட்ட முடியாது. 'ஸ்பெஷல்' என்று தொடங்கும் வரிகளில் இருக்கும்.
4. ஓகே கொடுத்து, 'ரைட் டு ரெஜிஸ்ட்ரி' பட்டனை அழுத்துங்கள்.
5. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுவரை எதுவும் மாறாது. "வேலை செய்யவில்லையே" என்று பலர் திரும்பத் திரும்ப எழுதுவது இந்தப் படியைத் தாண்டுவதால்தான்.

வேர்ட்ஸ்டார் பழக்கக்காரருக்கு இதே முறையில் கேப்ஸ் லாக்கை இடது கண்ட்ரோல் ஆக்கிக்கொடுங்கள். பழைய இடத்துக்கே கண்ட்ரோல் திரும்பிவிடும். கை எவ்வளவு சீக்கிரம் அதை அடையாளம் கண்டுகொள்கிறது என்று பாருங்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, இந்த மாற்றம் அந்தக் கம்ப்யூட்டரில் செருகும் எல்லாக் கீபோர்டுக்கும், எல்லாப் பயனருக்கும், லாகின் திரைக்கும் சேர்த்தே நடக்கும். பாஸ்வேர்டில் வரும் கீயை மாற்றிவிடாதீர்கள். இரண்டு, ஒரு கீக்கு ஒரு கீ மட்டுமே. கண்ட்ரோல்+பிரேக் போன்ற ஜோடியை இதில் அமைக்க முடியாது. மூன்று, பாஸ் கீ மற்ற கீகளைப் போல ஒரே எண்ணாக இல்லாமல் ஒரு தொடராகப் போவதால் இந்த முறைக்குச் சரியாக அடங்காது. அது வேண்டுமென்றால் மேலே சொன்ன எஃப்என் வழியோ, கீழே வரும் டாஸ்பாக்ஸ் வழியோதான்.

ஜோடிக் கீகளுக்கு பவர்டாய்ஸ்

மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் 'கீபோர்டு மேனேஜர்' என்று ஒரு பகுதி உண்டு. இதில் இரண்டு மூன்று கீ சேர்ந்த ஜோடிகளையும் மாற்றலாம், அந்த மாற்றம் ஒரே ஒரு புரோகிராமுக்கு மட்டும் என்று வரையறுக்கவும் செய்யலாம். ரீஸ்டார்ட் தேவையில்லை. விண்டோஸில் நேரடியாக ஓடும் பழைய புரோகிராம்களுக்கு இது நல்லது.

ஆனால் பவர்டாய்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் மாற்றம் இருக்கும். லாகின் திரையில் இருக்காது. பழைய புரோகிராம் பலவற்றை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறப்பதுதான் நம்மூர் வழக்கம். அப்படித் திறந்தால் பவர்டாய்ஸையும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஜன்னலுக்குள் மாற்றம் எட்டாது. இதனால்தான் ஒற்றைக் கீ மாற்றம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஷார்ப்கீஸ் பக்கம் போகிறேன்.

2024 முதல் வரும் பல லேப்டாப்களில் வலது பக்கம் கண்ட்ரோலோ மெனு கீயோ இருந்த இடத்தில், மைக்ரோசாஃப்ட்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் கீ உட்கார்ந்திருக்கிறது. அதை வேறு கீயாக்க நினைத்து ஷார்ப்கீஸில் தட்டிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் அது தனிக் கீ அல்ல. இடது விண்டோஸ், இடது ஷிஃப்ட், எஃப்23 மூன்றையும் ஒன்றாக அனுப்புகிறது. எஃப்23 என்பது பெரிய ஐபிஎம் டெர்மினல் கீபோர்டுகளில் எஃப்24 வரை கீகள் இருந்த காலத்து மிச்சம். பவர்டாய்ஸில் இந்த மூன்றையும் ஒரு ஷார்ட்கட்டாகக் கொடுத்து, எதிரே வேண்டிய கீயைப் போட்டால் பிடிக்கும்.

டாஸ்பாக்ஸுக்குள்

64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம்கள் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11இல் 64 பிட் மட்டும்தான். அதனால் டாஸ்பாக்ஸ் தேவைப்படுகிறது. அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்ட சாஃப்ட்வேர் என்பதை மறந்துவிடாதீர்கள். அதன் சொந்த ஷார்ட்கட்கள் பல நம் புரோகிராமின் கீகளோடு மோதும். கண்ட்ரோல்+எஃப்11 வேகத்தைக் குறைக்கும், கண்ட்ரோல்+எஃப்12 கூட்டும், கண்ட்ரோல்+எஃப்10 மவுஸைப் பிடிக்கும், விடும். இவையெல்லாம் பரவாயில்லை. கண்ட்ரோல்+எஃப்9 மட்டும் ஆபத்து. கேள்வி எதுவும் கேட்காமல் டாஸ்பாக்ஸை அந்த நொடியே மூடிவிடும்.

அண்ணனின் புரோகிராமில் எஃப்9 பில்லைப் பிரிண்டுக்கு அனுப்பும் கீ. இரண்டாம் நாள் மாலை, கண்ட்ரோல் மேல் ஒரு விரல் தங்கியிருந்தபோது எஃப்9 அழுத்திவிட்டார். பில் பாதி எழுதிய நிலையில் எல்லாம் மறைந்தது. ஃபாக்ஸ்புரோவின் டேட்டா கோப்பில் மொத்தம் எத்தனை பதிவு என்ற எண்ணிக்கை கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும், பதிவுகளைத் தேட உதவும் இன்டெக்ஸ் வேறு கோப்பில் இருக்கும். நடுவில் அறுந்தால் இவை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். அன்று அதுதான் நடந்தது. ரீஇன்டெக்ஸ் போட்டு மீட்டோம், ஆனால் கடைசி பில் போனது போனதுதான். டாஸ்பாக்ஸை அமைத்த அன்றே அந்த ஷார்ட்கட்டை நான் எடுத்திருக்க வேண்டும். நீங்கள் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

டாஸ்பாக்ஸ் ஓடும்போது கண்ட்ரோல்+எஃப்1 அழுத்தினால் மேப்பர் திறக்கும். திரையில் ஒரு முழுக் கீபோர்டின் படம், கீழே ஷார்ட்கட்களின் பெயர்கள். அதில் 'ஷட்டவுன்' என்பதைக் கிளிக் செய்து, பிறகு 'டெல்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். கண்ட்ரோல்+எஃப்9இன் பல் பிடுங்கப்பட்டது. இனி புரோகிராமை முறையாக மூடி, டாஸ் வரிக்கு வந்து எக்ஸிட் என்று அடித்து வெளியே வருவதையே வழக்கமாக்குங்கள்.

இதே மேப்பரில் கீகளையும் மாற்றலாம். படத்தில் இருக்கும் முழுக் கீபோர்டில், லேப்டாப்பில் இல்லாத கீகளும் உண்டு. பாஸ் கீ வேண்டுமா? படத்தில் பாஸ் கீயைக் கிளிக் செய்யுங்கள், 'ஆட்' கிளிக் செய்யுங்கள், பிறகு லேப்டாப்பில் அதற்கென ஒதுக்கும் கீயைத் தட்டுங்கள், வலது கண்ட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் புதியவர்கள் தவறவிடும் ஓர் இடம். வலது கண்ட்ரோல் இப்போது பாஸாகவும் பழையபடி வலது கண்ட்ரோலாகவும் இரண்டு வேலை பார்க்கும். எனவே படத்தில் வலது கண்ட்ரோலைக் கிளிக் செய்து அதன் பழைய இணைப்பை 'டெல்' கொடுத்து நீக்குங்கள். பிறகு 'சேவ்', அதன்பின் 'எக்ஸிட்'. சேவ் மறந்தால் அடுத்த முறை எல்லாம் பழையபடி இருக்கும்.

மேப்பரில் செய்யும் மாற்றம் டாஸ்பாக்ஸுக்குள் மட்டும்தான். லேப்டாப்பில் வேறு யாரோ கடிதம் அடிக்கவும் உட்காருவார்கள் என்றால் ஷார்ப்கீஸைவிட இதுவே நல்லது. ஒரே கீயை ஷார்ப்கீஸிலும் மாற்றி மேப்பரிலும் மாற்றிவிடாதீர்கள். எது எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும்.

நம்பர் பேடும் டிடிபி வேலையும்

நம்பர் பேட் இல்லாத குறைக்கு எந்த மாற்றமும் சரியான மருந்தாகாது. நாள் முழுக்க எண் அடிப்பவருக்கு யுஎஸ்பி நம்பர் பேட் தனியாக ஒன்று வாங்கிக்கொடுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். அதில் என்டரும் கூட்டல், கழித்தலும் இருக்கும். சில பேடுகளில் எண் பூட்டை (நம்லாக் கீ) அணைத்தால் 0 இன்சர்ட்டாகவும் 3 பேஜ் டவுனாகவும் ஆகும்.

பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைத்துத் தரும் டிடிபி சென்டர்களில் இந்தத் தேவை இன்னும் கூர்மையானது. பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதில் யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் இன்றும் உண்டு. அந்த எழுத்துருக்களில் கீபோர்டில் இடம் கிடைக்காத எழுத்துகளை, ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி நான்கு இலக்க எண் அடித்து வரவழைப்பார்கள். அந்த எண் நம்பர் பேடிலிருந்து வந்தால்தான் விண்டோஸ் ஏற்கும், மேல் வரிசை எண்களை ஏற்காது. பழைய சிறிய லேப்டாப்களில் எழுத்துக் கீகளுக்குள்ளேயே நம்பர் பேட் ஒளிந்திருக்கும்: எம் 0, ஜே 1, கே 2, எல் 3, யு 4, ஐ 5, ஓ 6. எண் பூட்டைப் போட்டால் அது விழித்துக்கொள்ளும். பாஸ்வேர்டு தப்பு என்று திரும்பத் திரும்ப வந்தால், பூட்டு தெரியாமல் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது லேப்டாப்களில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை, எனவே யுஎஸ்பி பேடுதான்.

அவசரத்துக்கு ஒரு வழி: விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். அதில் இன்சர்ட், பாஸ், ஸ்க்ரோல் லாக் எல்லாம் இருக்கின்றன. எக்செலில் அம்புக்குறி அழுத்தினால் கர்சர் நகராமல் பக்கமே நகர்கிறது என்று பதறுபவர்களுக்கு, அதில் ஸ்க்ரோல் லாக்கை ஒரு கிளிக் செய்தால் சரியாகிவிடும்.

ஆல்ட் சரியாக வேலை செய்யவில்லை என்றால்

விண்டோஸ் அமைக்கும்போது மொழி 'இங்கிலீஷ் இந்தியா' என்று விட்டிருந்தால், அந்த அமைப்பில் வலது ஆல்ட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. அதோடு 4 அழுத்தினால் ரூபாய்க் குறி வரும். பழைய புரோகிராமில் வலது ஆல்ட்டோடு எஃப் கீ அழுத்தினால், கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து வந்ததாக அது எடுத்துக்கொள்ளும். லாங்க்வேஜ் செட்டிங்ஸில் கீபோர்டை 'யுஎஸ்' என்று மாற்றினால் தீர்ந்துவிடும்.

முடிக்கும் முன்

பவர் பட்டனை அப்படியே விட்டுவிடாதீர்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ', பவர் பட்டனுக்கு 'டூ நத்திங்'. பேட்டரியில் ஓடும்போதும் கரண்டில் ஓடும்போதும் என்று இரண்டு இடத்திலும் மாற்றுங்கள். இனி விரல் தவறி அங்கே போனாலும் திரை அணையாது.

ஷார்ப்கீஸில் 'சேவ் கீஸ்' கொடுத்து அந்தக் கோப்பையும், டாஸ்பாக்ஸ் எழுதிய மேப்பர் என்று தொடங்கும் கோப்பையும், டேட்டா பேக்கப் எடுக்கும் அதே பென் டிரைவில் போட்டுவையுங்கள். அடுத்த லேப்டாப்பில் இரண்டு நிமிடத்தில் அமைத்துவிடலாம். மாற்றத்தைக் கழற்ற வேண்டிய நாள் வந்தால் ஷார்ப்கீஸைத் திறந்து 'டெலீட் ஆல்', 'ரைட் டு ரெஜிஸ்ட்ரி', ரீஸ்டார்ட்.

அப்புறம், மாற்றிய கீயின் மேல் ஒரு சிறு ஸ்டிக்கர். அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை, ஆனால் அவர் லீவு போடும் நாளில் பில் போட உட்காரும் பையனுக்கு வேண்டும். வெள்ளை லேபிளை வலது ஆல்ட்டின் அளவுக்கு வெட்டி, பேனாவால் இன்சர்ட் என்று எழுதி, வியர்வையில் அழியாமல் இருக்க மேலே செல்லோடேப் ஒட்டினோம். மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு: வலது ஆல்ட் இன்சர்ட், ஒலிக்கு எஃப்என் சேர்க்கவும், வெளியேற எக்ஸிட் என்று அடிக்கவும். மூன்றே வரி, அண்ணன் கையெழுத்தில்.